பார்டர் டைகரின் தழும்பு

எங்கள் மாமா புதுச் சட்டையைப் பழசாக்கிச் சம்பாதித்தவர். அம்மாவின் தம்பி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் டீசர்ட் அச்சடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் குத்துச்சண்டைக்காரர்கள். நடுவில் பெரிய முகம், இரண்டு பக்கமும் அதே ஆள் குத்து விடுகிற சின்னப் படங்கள், பின்னால் மின்னல், மேலே கொட்டை எழுத்தில் பெயர். அந்தக் காலத்தில் மைதான வாசலில் திருட்டுத்தனமாக விற்ற சட்டை போல இருக்க வேண்டும் என்பது பெங்களூர் கடைக்காரரின் உத்தரவு. அதற்காகத் துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்து மங்கச் செய்வார் மாமா. காய்ந்த அச்சை உப்புத்தாளால் தேய்த்து வெடிப்பு விழச் செய்வது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது.

ஒருமுறை கடைக்காரர் வேறு யாரிடமும் இல்லாத முகம் வேண்டுமென்றார். மூடிப்போன ஏதோ ஸ்டூடியோவின் படக்கட்டு ஒன்றைக் காயலான் கடையிலிருந்து மாமா வாங்கி வந்தார். அதில் ஒரு பையன் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். பின்பக்கம் பேரில்லை, ஊரில்லை. மாமா அவனுக்கு ‘பார்டர் டைகர்’ என்று பேர் வைத்தார்.

“பால் வடியுது மூஞ்சில. இவன் யார அடிச்சிருப்பான்?” என்றபடி, படத்தை நகலெடுத்துத் தழும்பு ஒன்று வரைய உட்கார்ந்தார். “எந்தப் பக்கம் போடலாம் பாப்பா?”

“இடது புருவத்துல,” என்றேன். புருவத்தை இரண்டாக வெட்டி ஒரு கோடு இழுத்தார்.

பார்டர் டைகர் நன்றாகவே விற்றான். அச்சு பிசகிய ஒன்று எனக்குக் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனபோது, தளி பஸ்ஸிலிருந்து பூக்கூடையோடு இறங்கிய ஓர் அம்மாள் என் எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றையே பார்த்தார். நான் நடந்தேன், பின்னாலேயே வந்தார். ஓடினேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரும் ஓடி வந்தார்.

எங்கள் வாசலில் மூச்சு வாங்க நின்று, “இவனு நன்ன மக,” என்றார் கன்னடத்தில். இவன் என் மகன் என்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. பிறகு தமிழுக்கு வந்தார். “பன்னெண்டு வருசம் ஆச்சு தம்பி, வீட்ட வுட்டுப் போயி. எங்க பாத்த?”

“இது பழைய படம்ங்க. உங்க பையன்தான்னு எப்படிங்க சொல்றீங்க?” என்றார் மாமா.

அந்த அம்மாள் குனிந்து என் சட்டையில் விரலை வைத்தார். “இந்தத் தழும்பு. நாலு வயசுல, தோட்டத்துல கெடந்த மம்முட்டி மேல வுழுந்தான்.”

அந்த விரல் சில்லென்று என் வயிற்றில் பட்டது. “அத மாமாதான்…” என்று தொடங்கினேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். மாமாவின் முகம் வெளுத்திருந்தது.

“பாப்பா, சட்டைய மாத்திட்டு வந்து அத இவங்களுக்குக் குடு,” என்றார்.

அடுத்த உகாதிக்கு அந்த அம்மாள் ஒரு பை அவரைக்காயோடு வந்தார். “முப்பத்தி மூணு ஆயிருக்கும். கன்னம் ஒட்டியிருக்கும், இல்ல?” மாமா கன்னத்தை ஒட்டவைத்து ஒரு சட்டை அடித்துக் கொடுத்தார். அதற்கடுத்த வருடம் மீசை கேட்டார். கையுறை வேண்டாம், மின்னலும் வேண்டாம் என்றார். கடைக்கு அந்த முகத்தை அடிப்பதை மாமா நிறுத்திவிட்டார். ஆனால் அந்த முகம் பதிந்த அச்சுச் சட்டத்தைக் கழுவி அழிக்கவில்லை. அந்த அறைக்குள் தனியாகப் போவதை நானும் நிறுத்தியிருந்தேன்.

மூன்றாம் வருடம் மாமாவுக்குத் தாங்கவில்லை. “உண்மையச் சொல்லிடறேன்க்கா,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அசல் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் தளிக்குக் கூட்டிப்போனார். பகல் பதினோரு மணிக்கும் பனி விலகாத வீடு. கொடியில் மூன்று சட்டைகள் காய்ந்தன. இடமிருந்து வலமாக ஒரே ஆளுக்கு வயதாகிக்கொண்டு போனது. காற்றே இல்லை, ஆனாலும் அவை லேசாக அசைந்தன என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மாமா தழும்பில்லாத அந்த அசல் படத்தை நீட்டினார். “அம்மா, இதப் பாருங்க. இதுலருந்துதான் நான்…”

அந்த அம்மாள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அழுவார் என்று நான் காத்திருந்தேன்.

“யாரு தம்பி இந்தப் பையன்?” என்றார்.

மாமா படத்தைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “காதோரம் நரை போடட்டுங்களா?” என்றார்.

“ரெண்டு முடி. அதிகமா வேணாம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அந்த அம்மாவுக்கு மகன் இருக்கிறான், மாமாவும் பொய் சொல்லவில்லை. மாமா மட்டும் வழியெல்லாம் பையைத் திறப்பதும், அந்தப் படத்தைப் பார்ப்பதும், மூடுவதுமாக இருந்தார். அந்தப் பால்முகப் பையனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், அவனைத் தேடிக்கொண்டு இன்னொருத்தி எந்த ஊர் பஸ்ஸிலிருந்தோ இறங்கிக்கொண்டிருப்பாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.