பாய்ப் பின்னலா, மீன் முள்ளா

அறுபதுகளின் கடைசியில் என் வலது தோளில் ஒரு கட்டி வந்தது. திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் எனக்குத் தளிகை வேலை. அண்டா அண்டாவாகப் பொங்கல் கிளறும் கை அது. கட்டியோ மருவோ, எதுவானாலும் குளத்தில் வெல்லம் கரைத்து, அதுபோலவே கரைந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு வருடம் கரைத்தேன். குளம் இனித்திருக்கும், கட்டி அசையவில்லை.

ஊர் டாக்டர் அதில் ஒரு துண்டு வெட்டி, மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொடுத்து, மறுநாள் காலை ரயிலில் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அபூர்வமான தோல் புற்றுநோயாக இருக்கலாமாம். அதிலும் வகை உண்டாம். சாதுவான வகையென்றால் சுற்றி அகலமாக வெட்டினால் போதும். பொல்லாத வகையென்றால் தோளோடு கையை எடுக்க வேண்டும்.

காலையில் பார்த்தால் பாட்டில் காலி. என் மனைவி தலைகுனிந்து நின்றாள்.

“கோச்சுக்காதேள். பெருமாள் இருக்கற ஆத்துல மாமிசத்தை எப்படி வெச்சுக்கறது? வியாதிதானே, குளத்துல விட்டுட்டேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு அவளோடு பேச்சையே நிறுத்தினேன்.

மெட்ராஸில் மறுபடி, பெரிய துண்டாகவே வெட்டினார்கள். திசு பார்க்கும் டாக்டரம்மாவிடம் குளத்துக் கதையைச் சொன்னேன். சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அந்தப் பத்து நாளும் கரண்டியை இடது கையால் பிடித்துப் பழகினேன். பொங்கல் அடிப்பிடித்தது.

போனதும் மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். இழைகள் கோரைப்பாய் பின்னினாற்போல் ஓடினால் சாது, மீன் முள் போல் சாய்ந்து அடுக்கியிருந்தால் பொல்லாதது என்றார். மீன் முள்ளை நான் எங்கே கண்டேன்! ஊதா நிறத்தில் என்னவோ தெரிந்தது.

“ஒரு இடத்துல சந்தேகமா இருந்தது. அதான் துண்டு முழுக்க சீவிப் பார்த்தேன். எங்கேயும் பாய்தான். கை போகாது” என்றார்.

நான் அவருக்கு யார்? சந்தேகம் என்று எழுதித் தள்ளியிருக்கலாம், கையை எடுத்திருப்பார்கள். நன்றாயிருக்கட்டும் அந்த மகராசி.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“கை இருக்குடி” என்றேன்.

பத்து நாளில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் என் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இது போயிருந்தா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன்” என்றாள்.

டாக்டரம்மா காப்பாற்றியது என் கையை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.