ஹோரோமோனாவின் காலும் உயிருள்ள தேனும்

கடையில் விற்கிற தேன் எதையும் ஹோரோமோனா தேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. குளோவர் பூத் தேன் அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர். தெற்குத் தீவிலிருந்து வருவது ஆட்டுக்குக் கொடுக்கிற கஷாயம். ஆக்லாந்து விமான நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து விற்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்டால் காறித் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர் வாயால் நல்ல பெயர் வாங்கிய தேன் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது அவருடைய தேன். அதிலும் அவர் நிலத்தின் பின்பள்ளத்து மானுகாப் புதர்களில் எடுத்தது.

இத்தனைக்கும் மனிதர் தேனீ வளர்க்க ஆரம்பித்ததே ஐம்பது வயதில்தான். அவருடைய அப்பா காலத்தில் அந்தப் புதரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வெட்டி எரிக்க அரசாங்கமே கூலி கொடுத்தது. அப்பா வெட்டினார், எரித்தார், இருமிக்கொண்டே செத்தார். அந்தப் பூவில் வருகிற தேனோ கறுத்து, கூழாகக் கெட்டிப்பட்டு, அடையை விட்டு இறங்காமல் அடம்பிடிக்கும். வாங்க நாதியில்லாமல் பன்றிக்குப் போட்டார்கள். ஹோரோமோனா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத் தோல் உரிக்கப் போனார். அதை மூடிவிட்டார்கள். பிறகு மரம் ஏற்றுகிற லாரி ஓட்டினார். இடுப்பு போயிற்று. அதற்குள் எங்கேயோ யாரோ ஆராய்ச்சி செய்து, மானுகாத் தேன் ஆறாத புண்ணை ஆற்றுகிறது, மருந்துக்கு மசியாத கிருமியைக்கூடக் கொல்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பன்றி தின்ற தேனுக்குப் பவிசு வந்தது. கூடவே ஹோரோமோனாவுக்கும் வந்தது.

சாலையோரத்தில் ஒரு பலகைக் கடை போட்டார். "உயிருள்ள தேன். சூடு காட்டாதது. கை படாதது" என்று எழுதித் தொங்கவிட்டார். கை படாதது என்பது பச்சைப் பொய். அவருடைய கை, அழுக்குப் பிடித்த கையுறை, சில நாள் பேரனின் பந்துகூட அதில் பட்டிருக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்துகிற வெள்ளைக்காரர்களுக்கு அவர் எடுக்கிற பாடம் இருக்கிறதே, அதைக் கேட்டால் டாக்டருக்குப் படித்தவன் நாண்டுகொள்வான்.

ஊர் வழக்கத்திலும் அவருக்கு மேல் ஆள் கிடையாது. சாப்பாட்டுச் சாமான் வேறு, உடம்புக்குப் புழங்குகிற சாமான் வேறு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மேசைமேல் யாரும் உட்கார மாட்டார்கள், தொப்பியை வைக்க மாட்டார்கள், பாத்திரம் துடைக்கிற துணியை உடுப்புகளோடு துவைக்க மாட்டார்கள். மற்றவர்கள் அதைச் சத்தமில்லாமல் செய்வார்கள். ஹோரோமோனாவோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் பிடிப்பார். கல்யாணமான புதிதில் வெள்ளைக்கார மருமகள் தலைவாரும் சீப்பைத் தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவள் குளியலறையில் போய் அழுதாள். இவர் இன்னொரு தடவை ஆட்டுக்கறி போட்டுக்கொண்டார்.

இந்த மகானுக்குத்தான் போன குளிர்காலத்தில் முள்கம்பி இடது கணுக்காலுக்கு மேல் கீறியது. சின்னக் கீறல். ஒரு மாதத்தில் அது நாணயமளவு பள்ளமானது, இரண்டு மாதத்தில் உள்ளங்கையளவு. கால் வீங்கியது. மனைவி பிரிஹிரா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் மெரியானாவுக்குப் போன் செய்தாள்.

மெரியானா அந்தக் கரையோரத்து நர்ஸ். பழைய காரில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்ப் புண் கட்டுகிறவள். ஹோரோமோனாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா மகள். அவள் கை பஞ்சு; வாய் அரிவாள். அந்த வட்டாரத்தில் அவள் வாயில் விழாத கால் கிடையாது.

"இது என்ன மாமா, காலா? எலி கடிச்ச பன்னு மாதிரி இருக்கு."

"உன் வேலையப் பாரு."

"வேலையத்தான் பாக்குறேன். ரெண்டு மாசமா இத சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த பாரு, அதுக்கே உனக்கு ஒரு மெடல் குத்தணும்."

காலில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தாள், கழுவினாள், பையிலிருந்து ஒரு ட்யூப்பை எடுத்தாள். ஹோரோமோனா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதில் எழுதியிருந்ததைப் படித்தார். மானுகாத் தேன். மருத்துவத் தரம். கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது. உண்பதற்கல்ல. படித்து முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கதிர அடிச்சுக் கொன்னுருக்கானுங்க. இது செத்த தேன். என் கால்ல பொணத்தப் பூசப் போறியா?"

"தேன் செத்தா உனக்கென்ன மாமா? கிருமி செத்தாப் போதாதா?"

"என் கொட்டகையில உயிரோட இருக்குடி, வாளி வாளியா."

"இருக்கும். தேனீ றெக்கை, மெழுகு, மண்ணு, உன் தாடி மயிரு எல்லாமே அதுல உயிரோட இருக்கும். ரொட்டியில தடவித் தின்னு. கால் பக்கம் அது வரக் கூடாது."

துணியில் தேனைத் தடவி, புண்ணில் வைத்து, மேலே பஞ்சுத் திண்டு வைத்துக் கட்டினாள். முதல் சில நாள் எரியும், நீர் அதிகமாக வடியும், அழுகினது கழன்று வரும்போது புண் பெரிதானமாதிரி தெரியும், பயந்து பிரித்துவிடாதே என்றாள். பிறகு, அவளுக்கே பழக்கமில்லாத குரலில் ஒன்று சொன்னாள்.

"செவப்பு முட்டிக்கு ஏறிச்சுன்னா, காய்ச்சல் அடிச்சுதுன்னா, அன்னிக்கே எனக்கு போன் பண்ணணும். மறுநாள் இல்ல. உங்க அண்ணன் மறுநாள்னுதான் சொன்னாரு. கால எடுத்தாங்க. அடுத்த வருஷம் நாம அவரத் தூக்கிட்டுப் போனோம்."

ஹோரோமோனா சாக்ஸைத் தேட ஆரம்பித்தார்.

தேன் எரிந்தது. சொன்ன மாதிரியே நீர் வடிந்தது, கட்டு நனைந்தது. மூன்றாம் நாள் மனிதர் தீர்ப்பெழுதிவிட்டார்: செத்த தேன் காலைத் தின்கிறது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்த நேரம் பார்த்துப் பிரித்துப் போடுவதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும். அது அவருக்கு நிறையவே இருந்தது. "தினம் அறுபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வராத, நானே கட்டிக்கிறேன்" என்று மெரியானாவிடம் சொன்னார். அவளுக்கும் தலைக்குமேல் வேலை. நான்கு ட்யூப்களையும் திண்டுகளையும் கொடுத்து, காலி ட்யூப்களைப் பத்திரமாக எடுத்து வை, எண்ணுவேன் என்றாள்.

அவள் எண்ணினாள். நான்கும் காலியாக ஜன்னலில் இருந்தன. உள்ளே இருந்ததை எல்லாம் வேலிக் கம்பத்தடியில் பிதுக்கிக் கொட்டியிருந்தார். அதை மோப்பம் பிடித்து அவருடைய தேனீக்களே கூட்டமாக வந்து, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி, பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டன. செத்த தேன் என்று அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய வைத்தியம் கொட்டகையில் நடந்தது. பின்பள்ளத்தில் அந்த வருஷம் முதலில் எடுத்த தேன், ஐந்து கிலோ வாளி. அதில் ஒரு கரண்டி. கரண்டியால் அள்ளிப் புண்ணில் வழித்துவிட்டு, ஒட்டினதை வீணாக்குவானேன் என்று அதே கரண்டியைத் திரும்ப வாளியில் முக்குவார். மேலே பழைய சட்டைத் துணி, அதன்மேல் ரப்பர் பூட்ஸ். வழக்கத்தை மீறுகிறோம் என்று அவருக்கு ஒரு நிமிஷமும் தோன்றவில்லை. கொட்டகையில் இருக்கிறவரை அது மருந்து, சமையலறைக்குப் போனால்தான் சாப்பாடு. மனதுக்குள் அப்படி ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். வாளியின்மேல் அந்தக் கோட்டைப் போட மட்டும் மறந்துவிட்டார். இரண்டு வாரம் போயிற்று. மெரியானா வருகிற நாளெல்லாம் அவர் பெட்டி பார்க்கப் பள்ளத்துக்குப் போய்விடுவார்.

ஊர்ப் பொதுமன்றமான மராயின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆட்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அன்று காலை பூட்ஸைப் போடும்போது ஹோரோமோனா பார்த்தார். சிவப்பு முட்டியைத் தாண்டித் தொடையில் ஒரு கோடாக ஏறியிருந்தது. காய்ச்சல் குளிரில் பற்கள் தந்தியடித்தன. மெரியானா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. ஆனால் போன் செய்தால் ட்யூப் கதை வரும், ட்யூப் கதை வந்தால் வேலிக் கம்பம் வரும். விருந்தாளிகள் போகட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினார்.

வரவேற்புப் பேச்சுகள் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு. மண்ணடுப்புக் கறி, சர்க்கரைவள்ளி, மட்டி, எண்ணெயில் பொரித்த ரொட்டி. மேசைக்கு மேசை கண்ணாடிக் கிண்ணத்தில் கறுத்த தேன். ஹோரோமோனா பிரிஹிராவைத் திரும்பிப் பார்த்தார்.

"இது எந்தத் தேன்?"

"கொட்டகையில ஒரு வாளி பிரிச்சு வெச்சிருந்தியே, அதுதான். மொத எடுப்புன்னு எழுதியிருந்துச்சு. விருந்தாளிக்கு நல்லதத்தான வைக்கணும்? கரண்டிகூட உள்ளயே கெடந்துச்சு."

எதிரே ஹுஹானா ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது, அந்தக் கூடத்தில் அவருக்கு மூத்தவர் யாருமில்லை. ரொட்டியைப் பிட்டுத் தேனில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அத வெச்சிருங்க," என்றார் ஹோரோமோனா. "அது நல்ல தேன் இல்ல."

கூடமே சிரித்தது. ஹோரோமோனா தன் தேனைக் குறை சொல்கிறான்! பின் மேசையில் ஒருவன் கையைத் தட்டினான்.

"என்னடா சொல்ற?" என்றார் ஹுஹானா. "பதினாலு வருஷமா உன் தேன் புராணத்தக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. என் வீட்டுத் தேன மூஞ்சிக்கு நேரா சர்க்கரத் தண்ணின்னு சொன்னவன் நீ. இன்னிக்கு ஓசியில தின்னக் குடுக்குறப்ப மட்டும் அது நல்ல தேன் இல்லையா?"

"ஆன்ட்டி, சொன்னாக் கேளுங்க."

"போடா, கஞ்சப் பிசினாறி."

ரொட்டி வாயை நோக்கிப் போயிற்று. ஹோரோமோனா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடம் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அதுல என் கால் இருக்கு!" என்று கத்தினார்.

சிரிப்பு நின்றது. "காலா?" என்று யாரோ கேட்டார்கள்.

"புண்ணு. அந்த வாளியிலேர்ந்துதான் எடுத்துத் தடவினேன். கரண்டிய திரும்ப அதுலயே போட்டேன்."

ஹுஹானா ரொட்டியைத் தட்டில்கூட வைக்கவில்லை. விரலைத் தளர்த்தித் தரையில் விட்டார். விருந்தாளிகளின் மேசையில் அவர்களுடைய தலைமைப் பேச்சாளர் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தவர், மெல்வதை நிறுத்தினார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிரிஹிராவின் முகத்தில் ஈயாடவில்லை. கிண்ணம் கிண்ணமாகப் பொறுக்கி வெளியே எடுத்துப் போனாள்; வழக்கப்படி இனி அந்தத் தேனைக் கிண்ணங்களோடு சேர்த்துத்தான் புதைக்க வேண்டும். இத்தனை வருஷம் ஊரையே விரட்டி விரட்டி வழக்கம் சொல்லிக்கொடுத்த மனிதரை ஊர் முழுக்கப் பார்த்தது. பாதிப் பேருக்கு அருவருப்பு. மீதிப் பேருக்கு, உள்ளதைச் சொன்னால், தித்திப்பு.

சமையலறைக் கதவில் மெரியானா நின்றிருந்தாள். கையில் பாத்திரம் துடைக்கிற துணி.

"மாமா. என் ட்யூப் நாலும் என்ன ஆச்சு?"

"தேனீ தின்னுருச்சு."

யாரோ குபீரென்று சிரித்தார்கள். மெரியானா சிரிக்கவில்லை. துணியைக் கதவிலேயே மாட்டிவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் புண்ணைப் பிரிக்க முடியாது. கார் நிற்கிற இடத்தில், கதவைத் திறந்து அவரைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு பூட்ஸை உருவினாள். வரவில்லை. கத்தரியால் வெட்டினாள். சட்டைத் துணியை எடுத்தபோது அந்த வாடைக்கு ஹோரோமோனாவே முகத்தைத் திருப்பினார்.

திட்டு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். என்னென்ன சொல்வாள் என்று அவருக்கே தெரியும். மயிரு, மண்ணு, மெடல், எல்லாம் வரும். அவரும் வழக்கம்போலப் பதிலுக்கு ஏதாவது கத்தலாம். கத்தினால் இது பழைய சண்டையாகிவிடும். வீட்டுக்குப் போய்விடலாம்.

மெரியானா தொடையில் ஏறிய கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, இடத்தையும் அவருடைய வயதையும் சொன்னாள். பிறகு அவர் முன்னால் மண்டியிட்டு அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஹோரோமோனாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.