திலகவதியின் ஆயில் கூலர்

லாரியின் முன்பக்கத்தைத் திறந்துவைத்து, காற்றடிக்கும் குழாயைப் பின்னாலிருந்து நுழைத்துப் பிடிக்கிறாள் திலகவதி. புஸ்ஸென்று உமித்தூசி முன்னால் கிளம்பி, பல் துலக்கியபடி வேடிக்கை பார்க்கும் கணவன் பழனியின் முகத்தில் அப்புகிறது. "தள்ளி நில்லுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? தூசி வந்த வழியிலதான் வெளிய போவும்" என்கிறாள்.

ஆரணி ஆலைகளில் அரிசி மூட்டை ஏற்றி, பேரணாம்பட்டு மலைப்பாதை வழியாகக் கோலார் வரை போய்வருகிற வண்டி அது. ஆலை முற்றத்தில் பறக்கும் தூசியெல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஆயில் கூலரின் தகடுகளில் போய் அடைத்துக்கொள்ளும். காற்று புகாவிட்டால் இன்ஜின் ஆயில் கொதித்துத் தண்ணீராய் இளகிவிடும். அப்புறம் இன்ஜின் தாங்காது. மெக்கானிக் அருணகிரியின் பக்கத்தில் நின்று நச்சரித்தே அவள் இதையெல்லாம் தெரிந்துகொண்டாள். "அண்ணி வந்தாலே பேஜாருப்பா" என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

அவள் தொழில் என்னவோ வீட்டில் தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது. அறுந்த இழையைப் பார்க்காமலே முடிச்சுப் போடும் விரல்கள். ஒருமுறை பழனி ஆசை ஆசையாய் வண்டியை வாட்டர் சர்வீஸில் விட, தண்ணீர் அடித்த வேகத்தில் கூலர் தகடுகள் மொத்தமும் படுத்துவிட்டன. மூங்கில் சீவலால் ஒவ்வொன்றாய் நிமிர்த்தி முடிக்கிறவரை அவனோடு அவள் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

வெளியூர் போன புருஷனிடம் மற்ற பெண்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். இவள் கேட்பது, "முள் எங்க நிக்குது?" ஆயில் பிரஷர் காட்டும் முள்தான். அது இறங்கினால் ஆயில் சூடேறிவிட்டது என்று அர்த்தம். "இவ புருஷனுக்கா வாக்கப்பட்டா? வண்டிக்கு இல்ல வாக்கப்பட்டிருக்கா" என்பாள் பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள். திலகவதியும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

உள்ளதைச் சொன்னால், வண்டிமேல் அவளுக்கு ஆசையும் கிடையாது, பாசமும் கிடையாது. போன கத்திரி வெயிலில், முள் இறங்கியதைப் பார்த்தும் இன்னும் ஒரு மேடுதானே என்று பழனி ஓட்டிக்கொண்டு போனான். இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஒதுங்க நிழலில்லாத வளைவில் வெகுநேரம் காத்துக் கிடந்து மயங்கி விழுந்தவனை, ஆடு மேய்த்த பெண்கள்தான் தண்ணீர் தெளித்துத் தூக்கினார்கள். சேதி ஆரணிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த மத்தியானம் முழுக்கத் தான் ஒன்றும் தெரியாமல் தார் சுற்றும் மிஷின் முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோமே என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இந்தக் கூலரே அதற்குப் பிறகு மாட்டியது.

இந்த வருஷக் கத்திரியிலும் ஒருநாள் உச்சிவெயிலில் போன் போட்டாள்.

"முள் எங்க நிக்குது?"

"கொஞ்சம் எறங்கிச்சு. ஓரங்கட்டி நின்னுகினுதான் இருக்கேன்."

"நின்னுகினு இருக்கிற வண்டிக்கு எதுக்குங்க கியர் மாத்துறீங்க?"

கியர் மாறும் சத்தம் போனிலேயே அவளுக்குக் கேட்டுவிட்டது. மேடேறும் இன்ஜினின் முக்கலும் கேட்டது.

"இந்த ஒரு மேட்டத் தாண்டிட்டா எறக்கம்தான் திலகா. ஜல்தியா ஏறிட்டன்னா…"

"வேணாங்க." அதட்டத்தான் நினைத்தாள், கெஞ்சலாக வந்தது. "இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாதுங்க."

முக்கல் மெல்லத் தணிந்தது. கதவு திறக்கும் சத்தம், கல்லில் கட்டை உரசும் சத்தம்.

"நிறுத்திட்டேன். சக்கரத்துக்குக் கட்டையும் வெச்சிட்டேன். போதுமா?"

"இன்ஜின ஒடனே அணைக்காதீங்க. சும்மா ஓடட்டும், அப்பதான் ஆயில் சுத்திச் சுத்தி ஆறும். நீங்க போயி மரத்தாண்ட உக்காருங்க."

"உக்காந்துட்டேன். போன வெச்சிரட்டா?"

"வெக்காதீங்க."

தூரத்தில் வண்டி நிதானமாய் ஓடிக்கொண்டிருக்கும் சத்தமும், நடுவே அவன் தண்ணீர் குடிக்கும் சத்தமும் வந்தன. திலகவதி கையை எட்டி, இரைந்துகொண்டிருந்த தார் மிஷினின் சுவிட்சை அணைத்தாள்.

"இன்னாடி, கரண்டு போச்சா?" என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து அபிதகுசாம்பாள் குரல் கொடுத்தாள்.

திலகவதி வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அவளுக்குச் சைகை காட்டிவிட்டு, போனை இன்னும் அழுத்திக் காதோடு சேர்த்துக்கொண்டாள்.