ஜுரேமா அத்தை வைத்த பென்சில் புள்ளி

என் அத்தை ஜுரேமாவுக்கு நாற்பத்தெட்டு வயது. சாவோ பாவ்லோவிலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தால் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். இங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் அத்தை வேலை பார்க்கிறார். "நீங்க டாக்டரா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, டாக்டருங்க பாக்குறதுக்கு நான் வெட்டிக் குடுக்கறேன்" என்பார்.

வெட்டுவது நாய்களின் சதைத் துணுக்குகளை. துணுக்கை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, இயந்திரத்தில் மாட்டி, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்காகச் சீவ வேண்டும். சீவல்கள் ரிப்பன் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் எடுக்க வேண்டும். இருமினால் போச்சு. அத்தை இருபத்திரண்டு வயதில் அங்கே தரை துடைக்கப் போனவர். அப்போது சீவும் வேலை பார்த்த பெண் பிரசவ விடுப்பில் போக, அத்தை அந்த இயந்திரத்தில் உட்கார்ந்தார். பிறகு தேர்வு எழுதினார், தோற்றார், மறுபடி எழுதினார். நிரந்தர வேலை கிடைத்து இருபத்தோரு வருடமாகிறது.

மூன்று வருடம் முன்பு அங்கே தலைமை டாக்டர் ஒலிம்பியா ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். வயதான ஆண் நாய்களுக்கு புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைப் பற்றியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் சில கட்டிகள் சுரப்பியிலேயே பிறந்தவை, சில மூத்திரப்பையின் உள்தோலில் பிறந்து இறங்கியவை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வகைக் கட்டியிலும் சில புரதங்கள் இருக்கும், சில இருக்காது. அந்தப் புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும் மருந்தைச் சீவலின் மேல் ஊற்றினால், அது இருக்கும் இடம் பழுப்பாகும். இந்தப் புரதங்களைத்தான் குறிப்பான்கள் என்கிறார்கள்.

நிறம் ஏற்றும் அந்த மேசை தனக்குத்தான் வரும் என்று அத்தை நம்பினார். தயினாராவுக்குப் போனது. அவளுக்கு இருபத்தாறு வயது, பெரிய நகரத்துப் படிப்பு, வெளிநாட்டில் ஆறு மாதப் பயிற்சி.

நான் பள்ளி முடித்து அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த மாதங்கள் அவை. தினமும் சாயந்திரம் அத்தை வந்து ஷூவில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு அந்த மகராணி சீஸ் ரொட்டி சுட்டுக் கொண்டாந்தா. மூணு மணி காபிக்கு அத்தனை பேரும் அவளைச் சுத்தி ஈ மாதிரி."

"நல்லா இருந்துச்சா அத்தை?"

"நான் தின்னா தானே! ரெண்டே ரெண்டு தின்னேன். உப்பு கம்மி."

இன்னொரு நாள்: "டாக்டர் அவகிட்ட சொல்றாங்க, 'உன் கை தங்கக் கைம்மா'ன்னு. இத்தனை வருஷமா அந்த வார்த்தை என்னோடது. அதை எடுத்து அவளுக்குக் குடுத்துட்டாங்க."

அந்த ஜூலையில் டாக்டர் மூன்று வாரம் போர்ச்சுகலுக்குப் போனார். போகும் முன் நாற்பது நாய்களின் கட்டிகளையும் வகைபிரிக்கும் பொறுப்பைத் தயினாராவிடம் ஒப்படைத்தார். முப்பத்தொன்பது பழைய நாய்கள், செத்துப் போனவை. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. பஸ் டிரைவர் நிவால்டோவின் பழுப்பு நாய். கடலை மிட்டாயின் பெயரை வைத்து அதைப் பசோக்கா என்று கூப்பிடுவார். ஊசியால் குத்தி எடுத்த நூல் போன்ற ஒரு துணுக்குதான் அதன் மெழுகுக் கட்டியில் இருந்தது. அது எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்து தொடங்கலாம்.

இப்படி நிறம் ஏற்றும்போதெல்லாம் நோயில்லாத ஒரு நாயின் சுரப்பியையும் கூடவே வைப்பார்கள். அதைக் கன்ட்ரோல் என்பார்கள். அது பழுப்பானால்தான் மற்றதை நம்பலாம். தயினாரா அலமாரியிலிருந்து ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

"அக்கா, கன்ட்ரோலுக்கு இதைச் சீவிக் குடுங்களேன்."

கட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் புள்ளி இருந்தது. அது அத்தை வைத்தது. நகராட்சி வண்டி தெருத்தெருவாக வந்து நாய்களுக்கு விதை நீக்கத் தொடங்கிய பிறகு, அப்படிப்பட்ட நாய்களின் சுரப்பிக்கு அடையாளமாக அத்தை புள்ளி வைத்து வந்தார். ஏட்டில் எழுதவில்லை, யாருக்கும் சொன்னதுமில்லை. விதை நீக்கிய நாயின் சுரப்பி சுருங்கிவிடும். அன்றைக்குப் பார்க்கவிருந்த முக்கியமான குறிப்பான், ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் புரதம், அதில் அநேகமாக இருக்காது. அதைக் கன்ட்ரோலாக வைத்தால் நிறமே வராது. மிருக டாக்டராக இருந்தால் சீவலைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார். தயினாரா படித்தது வேறு.

அத்தை புள்ளியைப் பார்த்தார். பிறகு சீவிக் கொடுத்தார்.

"ஏன் அத்தை சொல்லல?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"என்கிட்ட கேட்டாளா? எடுத்தா, நீட்டினா. 'இது சரியா அக்கா'ன்னு ஒரு வார்த்தை? தங்கக் கைக்குத் தெரியணும்ல."

கன்ட்ரோல் வெளுத்துப் போய் வந்தது. நாற்பது நாய்களின் சீவல்களில் சில லேசாகப் பழுப்பாகியிருந்தன, ஆனால் கன்ட்ரோல் வெளுத்தால் எதையும் நம்பக் கூடாது. நிறம் ஏற்றும் மருந்து மனிதர்களுக்காகச் செய்தது, நாய்ச் சதையில் பிடிக்கவில்லை போல என்று தயினாரா நினைத்தாள். அப்படி நடப்பது உண்டு. டாக்டருக்குப் போன் செய்தாள். மருந்து ஊற்றும் முன் சீவல்களுக்குக் கொடுக்கும் சூட்டைக் கூட்டி மறுபடி செய்யச் சொன்னார். அத்தை மறுபடி நாற்பதையும் சீவினார், அதே கன்ட்ரோலையும். மறுபடி வெளுப்பு. மூன்றாம் முறையும் அதுவே. அன்று தயினாரா குளிர்பதன அறைக்குள் போய் அழுதாள்.

"மூக்கு சிவந்து வந்தா. நான் கண்டுக்கவே இல்ல" என்று அத்தை அன்று சந்தோஷமாகச் சொன்னார். சோற்றையும் அவரையையும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் அத்தையையே போனில் கூப்பிட்டார். "ஜுரேமா, நீயே பண்ணிடு. அந்தப் பொண்ணை விடு, பாவம். திங்கக்கிழமை நான் வரும்போது முடிவு வேணும்."

அத்தை அலமாரியிலிருந்து புள்ளி இல்லாத கட்டி ஒன்றை எடுத்தார். முதலில் பசோக்காவின் மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் மாட்டிச் சீவினார். ரிப்பன் வந்தது, தண்ணீரில் மிதந்தது. அதில் வெறும் மெழுகு. இன்னும் பத்துச் சீவினார். மெழுகு, மெழுகு. மூன்று தடவை சீவியதில் நூல் தீர்ந்துவிட்டிருந்தது. எத்தனை சீவல் மிச்சம் என்று கணக்கு வைத்திருக்க வேண்டியவர் அத்தைதான்.

வெளியே வராந்தாவில் நிவால்டோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பசோக்கா அவர் காலடியில் கால்களை அகட்டிப் படுத்திருந்தது. மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, முனகுகிறது என்று சொல்லி இரண்டு நாளாக அவர் வந்துகொண்டிருந்தார். அத்தை போய் நின்றார்.

"நிவால்டோ, இன்னொரு தடவ ஊசி போட்டு எடுக்கணும்."

"மறுபடியுமா? போன தடவ மயக்க மருந்துலேருந்து எந்திரிக்கவே அரை நாள் ஆச்சு. பதிமூணு வயசு இதுக்கு. ஏன், என்ன ஆச்சு?"

அத்தை வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து தயினாரா வந்தாள். "என் தப்புங்க அண்ணே. மூணு தடவ செஞ்சு பாத்தேன், வரல. உங்க நாயோட துணுக்கை நான்தான் வீணாக்கிட்டேன். மன்னிச்சிருங்க." சொல்லிவிட்டுக் குனிந்து பசோக்காவின் காதைத் தடவினாள்.

நிவால்டோ அவள் தோளில் தட்டினார். "விடும்மா. வேலை செய்யுறவங்களுக்குத்தான் தப்பு வரும். மொகத்தைப் பாரு, நீ எத்தனை நாளா தூங்கல? வா, ஒரு காபி குடி."

இங்கேதான் அத்தையால் தாங்க முடியவில்லை. இதை அவர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். இரக்கமோ பயமோ அப்போது வரவில்லையாம். "என் மேசையை எடுத்தா. என் பேரை எடுத்தா. கடைசியில என் தப்பையும் எடுத்துக்கிட்டு, அதுக்கும் தட்டிக்குடுத்தல் வாங்கறா. அதையாவது எனக்கு விடக் கூடாதா?"

"அது அவ தப்பு இல்ல!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். "என்னோடது. கன்ட்ரோல் விதை எடுத்த நாயோடதுன்னு எனக்கு மொதல் நாளே தெரியும். தெரிஞ்சுதான் சீவினேன். மூணு தடவையும்."

நிவால்டோ அத்தையின் தோளில் தட்டவில்லை. நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, "ஊசி யாரு போடறது? இவங்க கிட்ட வரக் கூடாது" என்றார்.

தயினாரா மட்டும் ஒன்று கேட்டாள். "மூணு தடவையுமா அக்கா?"

"ஆமா."

"நான் அழுதப்பவும்?"

"அப்பவும்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வேறொரு டாக்டர் ஊசி போட்டார். பசோக்கா மயக்கத்திலிருந்து எழுந்து தள்ளாடியது, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அந்தத் துணுக்கைச் சீவியது அத்தைதான், சீவ வேறு ஆள் இல்லை. எட்டே எட்டு சீவல். ஒன்றும் சுருங்கவில்லை. நிறம் ஏற்றியது தயினாரா. புதுக் கன்ட்ரோல் நன்றாகப் பழுப்பானது. பசோக்காவின் கட்டியும் பழுப்பானது, மூத்திரப்பைக் குறிப்பான் வரவில்லை. சுரப்பியில் பிறந்ததுதான் என்று முடிவாகி, மருந்து அடுத்த வாரமே தொடங்கியது. மூன்று வாரம் தாமதம்.

டாக்டர் ஒலிம்பியா திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் கேட்டார். அத்தையை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மேசை தயினாராவுக்கே என்று சொல்லிவிட்டார். அலமாரியில் இருக்கும் எண்ணூற்றுச் சொச்சம் மெழுகுக் கட்டிகளில் எது எந்த மாதிரி நாயுடையது என்று அத்தை உட்கார்ந்து ஏட்டில் எழுத வேண்டும். இனிமேல் கன்ட்ரோல் எடுக்கும்போது இரண்டு பேரும் பார்த்து, ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தயினாரா இப்போது வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். ரொட்டி கொண்டுவந்தால் அத்தைக்கும் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். அதுவும் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

நேற்று, "கையெழுத்துப் போடறது கஷ்டமா இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"போடறதுல என்னடி கஷ்டம்? என்னோடது கோழி கிண்டுன மாதிரி இருக்கும், தெரிஞ்சதுதான். அதுக்குக் கீழ அவ போடறா பாரு." அத்தை காபியை ஊதினார். "பாழாப் போனவ, கையெழுத்தும் அழகா இருக்கு."