பத்துப் புள்ளி

என் தங்கைக்குத் தவளை என்றால் பயம். வெறும் அருவருப்பு இல்லை. கண்டால் மூச்சு முட்டி விழுந்துவிடுவாள். மாரி மழையில் அரியாலையில் குண்டுவீச்சுக்குப் பதுங்க வெட்டிய எங்கள் பங்கருக்குள் தவளைகள் குடியேறின. பொம்மர் விமானம் இரைந்து வந்த ஒரு காலை, "செத்தாலும் இறங்கமாட்டன்" என்று அவள் வாசலிலேயே நின்றாள். கன்னத்தில் அறைந்தேன். பின்னலைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினேன். குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. அவளுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். எனக்கோ உயிரைக் காப்பாற்றிய பெருமை.

தவளைப் பயம் தீர அவளை மனநலம் பார்க்கும் டொக்டரிடம் கூட்டிப்போனேன். பயப்படுத்துவதையெல்லாம் அவளையே எழுதிப் பத்துக்குப் புள்ளி போடச் சொன்னார். குறைந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். தவளைப் படத்துக்கு இரண்டு. போத்தலுக்குள் தவளைக்கு ஐந்து. பங்கருக்குள் தவளைக்கு எட்டு.

"அப்ப பத்து எதுக்கு?" என்று கேட்டேன்.

டொக்டர் தாளை என் பக்கம் திருப்பினார். 'அண்ணையின்ரை கை' என்று எழுதியிருந்தது.

"உன்ரை உயிருக்காகத்தானேயடி அடிச்சனான்!" என்று பாய்ந்தேன். கை தானாக உயர்ந்திருந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தவக்கைப் பயத்தை நான் பாக்கிறன்," என்றார் டொக்டர். "இதை நீங்கள்தான் பாக்கவேணும்."

சில மாதம் கழித்துப் பொம்மர் மறுபடி வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றேன். அவள் தானாகவே இறங்கினாள். காலடியில் தவளை பாய்ந்தது, நடுங்கினாள், ஓடவில்லை. நானும் இறங்கி அருகில் குந்தினேன்.

அவள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள், தவளை இருந்த பக்கமாக.