பிரேக்கை மிதித்தது யார்?

"நானூறு பக்கம் எழுதுறான். ஆனா கடைசிப் பக்கத்துக்கு வந்து பாத்தா, சரியா தப்பான்னு சொல்லாமலே கம்பி நீட்டிடுறான்!"

சாப்பிட உட்கார்ந்தால் இது, செருப்பு மாட்டினால் இது, பல் தேய்க்கும்போது நுரையோடு சேர்த்தும் இது. புத்தகம் எழுதுகிறவர்களைப் பற்றிய இந்தப் புலம்பல் பிரேக் சாரின் மனைவிக்கு மனப்பாடம். அவர் "நானூறு" என்று வாயெடுத்ததுமே, அடுப்படியிலிருந்து "கம்பி" என்று முடித்து வைத்துவிடுவாள்.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் அவர் தேர்வாளர். உரிமம் கேட்டு வருகிறவர் காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், தேர்வாளர் காலடியில் இன்னொன்று. தேர்வாளர் தன் பிரேக்கை மிதிக்க நேர்ந்தால், ஓட்டியவர் அந்த நிமிஷமே ஃபெயில். அதற்குமேல் பேச்சில்லை. இவருடைய வலது கால் அந்த மிதிக்கு மேலேயே குடியிருந்ததால், ஊர் வைத்த பெயர் பிரேக் சார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர்கள் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சந்தேகம் என்ற வியாதி கிடையாது. தரையில் போட்ட கோட்டைச் சக்கரம் தொட்டால் தப்பு, தொடாவிட்டால் சரி. நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவள் ஒரு தையற்காரி. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்சக்கரம் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் கூம்பை லேசாக உரசிவிட்டது. ஃபெயில் என்றார். அவள் இறங்குகிற வழியாக இல்லை.

"ஏன் சார், அந்தக் கூம்புக்கு வலிச்சுதா?"

"விதி அப்படிம்மா."

"உங்ககிட்ட வந்து மாட்டினேனே, அது என் தலைவிதி. அது போகட்டும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் நல்லா ஓட்டினேனா இல்லையா?"

நன்றாகத்தான் ஓட்டியிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. வேலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போய் நின்றார்.

"சரி எது, தப்பு எதுன்னு சொல்ற புக்கு ஒண்ணு குடுங்க."

நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரெண்டு அலமாரி இருக்கு சார். உங்களுக்கு எந்த சரி வேணும்?"

"சரின்னா ஒண்ணுதானேய்யா?"

"ஒண்ணுன்னா அலமாரி எதுக்கு? ஒரு துண்டுச் சீட்டு போதுமே."

அன்றைக்குப் பிடித்த சனிதான். புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். படித்து முடித்ததும் அவள் கச்சேரி ஆரம்பமாகும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். முதல் புத்தகம் ஹெட்மாஸ்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். "விதின்னா எல்லாருக்கும் விதிதான். உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு கிடையாது. ம், கையை நீட்டு!" இரண்டாவது, தராசுக் கடைக்காரர். "இந்தத் தட்டுல அஞ்சு பேருக்கு நல்லது, அந்தத் தட்டுல ஒருத்தருக்குக் கெட்டது. எது கனமோ அதான் சரி. பையைப் பிடிங்க, அடுத்த ஆளு வரட்டும்!" மூன்றாவதுதான் அவளுக்குச் செல்லப்பிள்ளை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோபாவில் சாயும் ஒன்றுவிட்ட மாமா. கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"நல்ல மனுஷன் என்ன செய்வானோ அதைச் செய்யணும்."

"நல்ல மனுஷன்னா யாரு மாமா?"

"சரியானதைச் செய்யுறவன்."

"சரியானது எது?"

"அட, நல்ல மனுஷன் செய்யுறதுதாம்மா. அது கிடக்கட்டும், குடிக்க ஏதாவது இருக்கா?"

பிரேக் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உனக்கு எல்லாம் விளையாட்டு" என்பார். அலமாரி ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததில் கை வைத்தபோதும் தையற்காரியின் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். ரொட்டிக் கம்பெனியில் மாவு மூட்டை தூக்குகிறவன். இடுப்பு பிடித்துக்கொண்டு, எழுந்தால் உட்கார முடியாமல், உட்கார்ந்தால் எழ முடியாமல் இருந்தான். முதலாளி மனமிரங்கி, மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் வாங்கினால் வேன் சாவியைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். தவறினால் மறுபடியும் மூட்டைதான்.

அலுவலகத்தின் இன்னொரு தேர்வாளர் மாடிப்படியில் வழுக்கி, கட்டுப் போட்ட காலோடு வீட்டில் கிடந்தார். பிரேக் சார் மேலதிகாரியிடம் போய், சொந்த மைத்துனனை நான் எப்படிச் சோதிப்பது என்று கேட்டார்.

"நீங்களே எடுங்க சார். பெத்த அப்பாவையே ஃபெயில் பண்ற ஆளு நீங்க. உங்களை நம்பாம யாரை நம்புறது?" என்று அவர் சிரித்தார்.

டெஸ்ட் அன்று காலையில் மனைவி வாசல்வரை வந்தாள். "என் தம்பிக்குச் சலுகை காட்டுங்கன்னு கேக்கமாட்டேன். ஆனா சலுகை காட்டலைன்னு ஊருக்குக் காட்டுறதுக்காக அவனை வெட்டிடாதீங்க."

இவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று பஸ் ஏறும்வரை யோசித்தார்.

மைத்துனன் நன்றாகவே ஓட்டினான். மேஜை நாற்காலி விற்கும் கடையருகே திரும்பும்போது, தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்ட ஒருவர், வலது பக்கமும் பார்க்காமல் இடது பக்கமும் பார்க்காமல் நடைபாதையிலிருந்து இறங்கினார். கார் நின்றது. நாற்காலிக்காரர் அதே நடையில் தெருவைக் கடந்து போனார்.

பிரேக் சார் குனிந்து பார்த்தார். அவர் கால் மிதியின் மேல். மிதி அடிவரை இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தார். மைத்துனன் கால் அவன் மிதியின் மேல். அதுவும் அடிவரை. இரண்டு மிதியையும் ஒரே கம்பிதான் இணைக்கிறது. எதை அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும்.

"நீயா மிதிச்ச?"

"ஏன், நீங்க மிதிக்கலையா மாமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"மிதிச்சேன்னுதான் நினைக்கிறேன். ஆனா கால் வைக்கும்போதே அது கீழ போற மாதிரியும் இருந்துச்சு."

இவருக்கும் அச்சு அசலாக அப்படியேதான் இருந்தது. தானாகப் போனதா, தான் அனுப்பினதா? கதவைத் திறந்துகொண்டு இறங்கி நாற்காலிக்காரருக்குப் பின்னால் ஓடினார்.

"ஐயா, கார் நின்னுச்சே, பிரேக் போட்டது யாருன்னு பாத்தீங்களா?"

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. ஆனா யாரு..."

"நின்னாப் போதுங்க. நாற்காலி புதுசு."

வீட்டில் அன்று சாயங்காலம் ஒரே அமர்க்களம். "டேய் கூமுட்டை, நான்தான் மிதிச்சேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா!" என்று அக்கா தம்பியைப் பிடித்தாள்.

"தெரிஞ்சாத்தானேக்கா சொல்றது? இவர் பக்கத்துல உக்காந்தா பொய் எங்கேர்ந்து வரும்? எச்சிலே வரமாட்டேங்குது."

பிரேக் சார் புத்தகங்களைப் பரப்பினார். ஹெட்மாஸ்டரைக் கேட்டால், தேர்வாளர் மிதித்தால் ஃபெயில் என்கிறார். மிதித்தது யாரென்று அவருக்குத் தெரியாது. தராசுக்காரர் ஒரு தட்டில் மைத்துனனின் இடுப்பை வைத்தார், மறு தட்டில் தெருவில் நடக்கிற அத்தனை பேரையும் வைத்தார். ஒன்றுவிட்ட மாமா, நல்ல மனுஷனுக்குத் தன் கால் என்ன செய்தது என்று தெரிந்திருக்கும் என்றார். பாஸ் போட்டால் பாசத்தில் போட்டதா? ஃபெயில் போட்டால் பேருக்குப் பயந்து போட்டதா? மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எந்தக் குரலும் வரவில்லை. கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

"பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல சார். என் கால் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. வேற ஊர்லேர்ந்து ஆள் வரவழைச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க."

"கால் மேல சந்தேகம்னா டாக்டரைப் பாருங்க சார், என்கிட்ட ஏன் வர்றீங்க?"

மேலதிகாரி எப்படியோ ஒத்துக்கொண்டார். ஆனால் வெளியூர் ஆள் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்து, வேன் சாவி வேறொருவன் கைக்குப் போய்விட்டது. வந்தவர் மைத்துனனை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, கொட்டாவி விட்டபடி பாஸ் போட்டார். லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே மைத்துனன் மூட்டை தூக்கப் போனான். அடுத்த வேன் வாங்க முதலாளிக்கு வருஷங்கள் ஆயின. அதற்குள் இடுப்பு நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

மனைவி சண்டை போடுவாள் என்று பிரேக் சார் காத்திருந்தார். அவள் போடவில்லை.

"பொய்யா ஃபெயில் பண்ணியிருந்தா உங்களைத் திட்டலாம். பொய்யா பாஸ் பண்ணியிருந்தா ஊரு திட்டியிருக்கும். இது என்ன ரகம்னே எனக்குப் புரியல. எதைச் சொல்லித் திட்டுறது?"

அவருக்கும் புரியவில்லை. நியாயமாக நடந்தோமா, நழுவினோமா என்ற கேள்வி, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அவரோடேயே நடந்தது. புத்தகம் படிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் கழித்து மனைவியும் குரல்களை மறுபடி எடுத்தாள். ஆனால் ஹெட்மாஸ்டர் முன்போல் அதட்டவில்லை. வாக்கியத்தின் நடுவே நின்று, "அப்படித்தானே?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

பிரேக் சார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கடைசியில் தன் கைக்கு வந்த ரொட்டி வேனோடு மைத்துனன் அலுவலக வாசலுக்கு வந்தான். பூமாலையை மடியில் வைத்துக்கொண்டு பிரேக் சார் பக்கத்து இருக்கையில் ஏறினார். திருப்பம் வரும்போதெல்லாம் அவர் வலது கால் தரைவிரிப்பை அமுக்கியது.

"மாமா, அங்க பிரேக் இல்ல."

"தெரியும், தெரியும்."

நாற்காலிக் கடை தாண்டியது. சிக்னலில் வண்டியை நிறுத்தியதும் மைத்துனன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அன்னைக்கு நீங்க பண்ணது சரியா தப்பா? கடைசில நீங்களும் அந்தப் புக்கு எழுதுறவங்க மாதிரியே கம்பி நீட்டிட்டீங்களே?"

பிரேக் சார் மாலையிலிருந்து ஒரு இதழைக் கிள்ளினார். விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் திரும்பி, மைத்துனனின் சாய்ந்த இடுப்பைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாண்டா மாப்ள, கம்பி நீட்டினேன்தான். புக்கு எழுதுறவன் ரூமுக்குள்ள ஃபேன் காத்துல உக்காந்து நீட்டினான், நான் நடுரோட்டுல உன் பக்கத்துல உக்காந்து நீட்டினேன், அதான் வித்தியாசம். சரியா தப்பான்னு தெரியாம, உன் அக்கா முன்னால தலைகுனிஞ்சு சாப்பிடணுமா, இல்ல நிமிந்து சாப்பிடணுமா, அதுகூட இத்தனை வருஷம் எனக்குத் தெரியலடா. தெரியுற அன்னைக்கு முதல் ஆளா உனக்குத்தான் சொல்லுவேன். இப்போ கண்ணாடியைப் பாத்து வண்டியை எடு, பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சே செத்துடுவான் போலிருக்கு!"