குழந்தைத் தட்டும் அம்மாவின் சாட்சியும்

1. ஈஸ்டருக்கு முன் உபவாசம் இருக்கும் லெந்து நாட்கள் தொடங்கிய வாரத்தில், ஜெர்மனியில், எடையைக் குறைக்க என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள்.
2. அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார்.
3. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாதி உடம்பாகத் தாம்பரம் வந்தேன்.
4. ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல அம்மா எழுந்தார்.

இங்கே ஜெர்மனியில், உணவகங்களில் நான் ‘கிண்டர்டெல்லர்’ கேட்பேன். குழந்தைகளுக்கான சிறிய தட்டு. அதற்குமேல் உள்ளே போகாது. முதல் முறை, பரிமாறியவர் அதை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, குழந்தை கை கழுவப் போயிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் நகர்ந்த பிறகு தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மென்பொருள் அலுவலகத்தில் யாருடைய நிரலில் பிழை என்றாலும் கூசாமல் சொல்கிறவள், என் பசி இவ்வளவுதான் என்று சொல்லவில்லை.

தாம்பரம் ஆராதனையிலும் அப்படித்தான் உண்மையை மறைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா மைக்கைப் பிடித்தார். "எம் பொண்ணு ஜெனி, தெரியாத தேசத்துல, லெந்து முழுக்க வெறும் கஞ்சித் தண்ணி குடிச்சு உபவாசம் இருந்தா. கர்த்தர் அவ சரீரத்தையே மாத்திட்டார்." சபை ஆமென் என்றது. கஞ்சித் தண்ணீர் உண்மைதான். மருத்துவர் குடிக்கச் சொன்னது. புடவைக்குள் தழும்புகள் புதிதாக எரிந்தன.

வாசலில் ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடவாக்கத்திலிருந்து பாடகர் குழுவுக்கு வருகிறவள். பழைய என்னைப் போலவே பருத்தவள்.

"ஷேர் ஆட்டோல ரெண்டு பேர் காசு கேக்குறான்க்கா. நாளையிலேர்ந்து நானும் உபவாசம். சுகர் மாத்திரையையும் நிறுத்திடவா?"

அம்மா என் முழங்கையை அழுத்தினார்.

"நிறுத்தாத ஷீலா. நான் உபவாசம் இருக்கல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வயித்துல பாதிக்கு மேல எடுத்துட்டாங்க."

"ஓ" என்றாள். அவள் பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை மாதம் ஒளிந்திருந்தேன். அது அங்கே தங்கவில்லை. அம்மாவிடம் போய் நின்றுவிட்டது.

வீட்டில் அம்மா பிரியாணியை எப்போதும்போல் குவித்து வைத்தார்.

"சாப்டு. இல்ல, இதையும் வெளில போய் சொல்லணுமா?"

நான் நாலு வாய் சாப்பிட்டேன். மிச்சத்தை அம்மாவே சாப்பிட்டு முடித்தார்.

இப்போதைய நிலவரம் இது. ஷீலா மாத்திரையை நிறுத்தவில்லை. கிண்டர்டெல்லர் எனக்குத்தான் என்று ஜெர்மன் மொழியில் சொல்லப் பழகிவிட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடவில்லை. அம்மா தமிழ் ஆராதனைக்குப் போவதில்லை. எங்களை யாருக்கும் தெரியாத ஆங்கில ஆராதனையில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆமென் மட்டும் சேர்ந்து சொல்கிறாராம்.